கால் சுற்று

அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் பட்டறையில் பாதிப் பேர் முழிப்பார்கள். கால்சுத்து என்றால்தான் தெரியும். புத்தகத்துக்குக் கெட்டி அட்டை மாட்டும் மிஷினில் எந்தக் கோளாறு வந்தாலும், "கால் சுத்து போதும்" என்று ஸ்பேனரை எடுப்பார். மூக்குக்கண்ணாடி காதை அழுத்துகிறது என்று மனைவி சொன்னபோதும் அதே வைத்தியம்தான் செய்தார். கண்ணாடி இரண்டாகப் போனது.

தரை கூட்டும் வேலைக்கு வந்தவர். மிஷின் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது கூடவே வந்த தடித்த கையேட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இவர் படத்தைப் பார்த்தே பூட்டிவிட்டார். இரண்டு திருகு மீந்தது. "அது இல்லாமலே ஓடுது, அப்புறம் என்ன?" என்று பையில் போட்டுக்கொண்டார். இருபத்தெட்டு வருஷம் ஓடியும்விட்டது.

தைத்த புத்தகம் ஒரு தகட்டின்மேல் ஏறி, இரண்டு பசை ரோலர்களுக்கு நடுவே எழும்பும். மேலே காத்திருக்கும் அட்டை அதன்மேல் கவியும். பசை கூடினால் அட்டையோடு ஒட்டும் உள்தாள் சுருங்கும். குறைந்தால், காய்ந்தபின் அட்டையை விட்டுக் கழன்றுகொள்ளும். ரோலரின் அளவுகோல் எப்போதோ தேய்ந்துபோயிற்று. ஈரத்தோடு வரும் முதல் புத்தகத்தைத் திறந்து, உள்தாளைப் பெருவிரலால் தடவிப் பார்த்துத்தான் பசையைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்ப வேண்டும். அந்தப் பெருவிரல்தான் அவருடைய சோறு.

சர்க்கரை வியாதி முதலில் பாதத்தைப் பிடித்தது. பிறகு கைக்கு ஏறியது. ஒருநாள் வீட்டில் கொதிக்கும் டீ டம்ளரை அவர் நிதானமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சுடலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"சுடுதே" என்று அவசரமாகக் கீழே வைத்தார்.

அவள் நம்பவில்லை. கையைப் பிடித்துப் பெருவிரலில் ஊசியால் குத்தினாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "என்ன பண்ணப்போற?" என்று கேட்டார். அதற்குள் இரண்டு முறை குத்தியிருந்தாள்.

விஷயம் வெளியே தெரிந்தால் மிஷின் கைமாறிவிடும். அந்த வயதில் வேறெந்தப் பட்டறையும் அவரை வாசல்படி ஏற்றாது. அவள்தான் வழி கண்டுபிடித்தாள். மிஷினின் மறுமுனையில் பசை ஊற்றுவதும் புத்தகம் அடுக்குவதும் அவள் வேலை. முதல் புத்தகத்தை அவள் தடவிப் பார்ப்பாள். சரியாக இருந்தால் அட்டையை இரண்டு தட்டு தட்டுவாள். பசை போதாவிட்டால் ஒரு தட்டு. கூடிவிட்டால் தட்டமாட்டாள். இவர் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு திருகைத் திருப்புவார். இரண்டு வருஷம் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை.

அன்றைக்குத் தையல் பிரிவில் ஆள் குறைவு. பசையை ஊற்றி வைத்துவிட்டு அவள் அங்கே போகவேண்டியதாயிற்று. பத்தடி தூரம்தான். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். பெண்டாட்டி வந்தால்தான் மிஷின் ஓடுமா என்று யாராவது சிரித்துவிட்டால்? அந்தப் பாழாய்ப்போன கௌரவம் வாயைக் கட்டிப்போட்டது. தானே தடவினார். தாள் பளபளவென்று தெரிந்தது, அதையே சரியென்று எடுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஆயிரத்து இருநூறு புத்தகம் அழுத்தும் பிரஸ்ஸுக்குள் போய் அடுக்கில் அமர்ந்தது.

மறுநாள் காலை சூப்பர்வைசர் ஒன்றைத் திறந்தார். உள்தாள் அட்டையை விட்டு முழுசாகக் கழன்று வந்தது. அடுத்ததும் அப்படியே. பத்துப் புத்தகம் திறந்தபின் அவர் திறப்பதை நிறுத்திவிட்டார்.

"என்னண்ணே இது?"

கால்சுத்து வாயைத் திறந்தார். அதற்குள் தையல் மேஜையிலிருந்து மனைவி எழுந்து வந்துவிட்டாள்.

"நான்தான் சார். பசையில தண்ணி அதிகமா ஊத்திட்டேன். அவருக்குத் தெரியாது."

அவள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடுதலாக ஊற்றியிருக்க மாட்டாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் அடுக்கிலிருந்த கெட்டுப்போன புத்தகம் ஒன்றின் அட்டையை இரண்டு தட்டு தட்டினாள்.

அவருக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, நிம்மதி. அதை நினைத்தால்தான் இன்றும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. அன்று மதியமே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல மிஷினைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மறுமுனையில் வேறு ஆள் நின்றான். முதல் புத்தகம் ஈரத்தோடு வந்தது. பழக்கத்தில் அவர் கண் அந்தப் பக்கம் போனது. அந்த ஆள் புத்தகத்தைத் தட்டாமல் கொள்ளாமல் வாங்கி அடுக்கினான்.

"எப்படிண்ணே இருக்கு? இன்னிக்காவது சரியா வருமா?" என்றார் சூப்பர்வைசர்.

அவர் அடுத்த புத்தகத்தைத் திறந்து பெருவிரலை வைத்தார். அழுத்தி இழுத்தார். கட்டையை வைத்து இழுத்ததுபோல்தான் இருந்தது.

"கால் சுத்து போதும்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்த் திருகின் முன் நின்றார். எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியவில்லை.