கோடாலிக்குத் தாகம்

விறகு உடைக்க எது நல்லது என்று கேட்டால் கோடாலி என்றுதான் சொல்வேன். ஆனால் ஓங்கும் முன் காம்பை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஊர் ஊராகத் திரிந்து, எத்தனையோ அடுப்புகளுக்கு விறகு உடைத்துச் சாப்பிட்டவன் நான். இந்தப் பழக்கம் மட்டும் பிழைப்பில் வந்ததல்ல. அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷத்தில் வந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் அவளோடு சேர்த்து நாங்கள் ஏழு பேர். மாப்பிள்ளை விஷயத்தில் அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. முறுக்கேறிய தைல மரக் கட்டை ஒன்றை வாசலில் போட்டு, கோடாலி, ஆப்பும் சம்மட்டியும், பெரிய கத்தி எல்லாவற்றையும் சுவரில் சாத்தி வைப்பார். எதை எடுக்கிறான், எப்படி எடுக்கிறான் என்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடுமாம். பெண் பார்க்க வந்தவனிடம் வேலை வாங்குகிறாரே என்று லயமே சிரித்தது. அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த மாசியில் நாங்கள் சிவனொளிபாதமலை ஏறி இறங்கி, அடிவாரத்து ஊரான நல்லதண்ணியில், யாத்திரைக் காலத்தில் மட்டும் போடும் ஒரு சீசன் கடையில் தேத்தண்ணி குடித்தோம். பனிமூட்டத்துக்குள் ஒருவர் வாளித் தண்ணீரிலிருந்து கோடாலியைத் தூக்கினார். அதை ஏன் ஊறப்போட்டீர்கள் என்று அத்தை கேட்டாள்.

"அதுக்கும் தாகமெடுக்குமுங்க. தண்ணி குடிக்காம காம்பு காஞ்சிருச்சுன்னா தலை கழண்டு ஓடிரும்."

அத்தை சிரித்த சிரிப்பில் அவள் தேத்தண்ணி ஆறிப்போனது. எனக்கோ அன்றிலிருந்து கோடாலி உயிருள்ள பிராணி. பனியில் நனைந்து, வாசலில் கண்மூடிக் கிடப்பது போலவே தோன்றும்.

பிறகு கங்காணியின் மகன் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பெரிய இடம், ஏறக்குறைய முடிவான மாதிரிதான். அத்தை அன்று கூப்பன் அரிசிச் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"கோடாலிக்குக் குளிருதுடா, பாவம். அடுப்புக்கு மேல பரண்ல வையி."

தாகமெடுக்காதா என்றேன். இப்ப வேணாங்குது என்றாள். மூன்று நாள் அது கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறுச் சுள்ளிகளுக்கு நடுவே படுத்துப் புகை காய்ந்தது.

ஞாயிறு காலை அப்பா அதை இறக்கி, கையில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சுவரில் சாத்தினார். வாசலில் விளையாடிய பிள்ளைகளை லயத்துக் கோடிக்கு விரட்டினார். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார். கங்காணி மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நேரே கோடாலியை எடுத்தார். மூன்றாவது ஓங்கலில் தலை கழன்று, வாசலோரத்துச் சாக்கடைக் கானைத் தாண்டி, சத்தமில்லாமல் ஒரு பறவை போலத் தேயிலைக்குள் போய் விழுந்தது. விருந்தாளிகள் போனதும் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "காம்பு ஆடுதான்னே பாக்காதவன், எந்தங்கச்சிய எங்க பாக்கப் போறான்."

அடுத்த மாதம், அன்று வாளியில் கோடாலியை ஊறப்போட்டிருந்த நல்லதண்ணிக்காரர் தன் பெரியப்பாவோடு பெண் பார்க்க வந்தார். அதற்கு முன்தினமே அத்தை, இப்ப ரொம்பத் தாகமாம்டா என்றாள். மலைத் தண்ணீர் பீலிக் குழாயிலிருந்து விழும் குழியில் கோடாலியைப் போட்டுவைத்தேன். அவர் அதை எடுத்து, ஈரக் காம்பைத் தடவி, தலை குனிந்து சிரித்தார். பிறகு கட்டையின் நடுவில் வெட்டாமல் ஓரத்திலிருந்து துண்டு துண்டாகப் பிளந்தெடுத்தார். அப்பா தலையாட்டினார்.

தையில் அத்தை கல்யாணமாகி நல்லதண்ணிக்குப் போய்விட்டாள். நான் மட்டும் தினமும் கோடாலியைப் பீலிக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் காட்டினேன். துருப்பிடித்தது. அப்பா திட்டாமல் துடைத்து வைத்தார்.

அத்தையின் சூழ்ச்சி விளங்கவே எனக்கு வெகுகாலம் ஆயிற்று. விளங்கியபோது, அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டாள் என்று ஏதோ ஓர் ஊரில் விறகுக்கு முன்னால் நின்று தனியே சிரித்தேன். கங்காணி மகன் கோடாலியைத் தொடுவதற்கு முன்பே அப்பா என்னை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியது அப்போதும் நினைவுக்கு வரவில்லை.