பெட்டியின் மேல் ஒரு சாக்பீஸ் கோடு

கடைவீதியில் இரும்புச் சாமான் விற்பவர்கள் அவருடைய சைக்கிளைத் தூரத்தில் பார்த்தாலே ஷட்டரை இறக்காத குறைதான். ஓய்வு பெற்ற மனுஷன், நட்டுக் கழற்றுகிற சாக்கெட் செட் ஒன்று வாங்க வருகிறார். பார்த்தோமா, பிடித்ததா, எடுத்தோமா என்று போக வேண்டியதுதானே? அதுதான் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுப்பார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். இன்னும் விற்காத சாமானின் அடிவிளிம்பில் அரத்தால் ஒரு இழு இழுப்பார். கடைக்காரர் "யோவ், யோவ்" என்று ஓடி வருவதற்குள் "இது ஆகாது தம்பி" என்று வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். இரண்டு மாதம் இப்படியே கடை கடையாய் ஏறி இறங்கினார்.

டிப்போவில் அவருக்கு இறுக்கண்ணன் என்று பெயர். பஸ் டிப்போவின் சக்கரப் பிரிவில் முப்பது வருஷம் வேலை. நட்டை அவர் இறுக்கினால் இறுக்கினதுதான். வீட்டில் எண்ணெய்ப் பாட்டிலின் மூடியை அவர் மூடினால் அவரே வந்துதான் திறக்க வேண்டும் என்று வீட்டம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெற்ற அன்றைக்கு மகள் ஒரு பரிசு கொண்டுவந்தாள். பாட்டரியில் ஓடும் இம்பாக்ட் கன். விசையை அழுத்தினால் தடதடவென்று தட்டித் தட்டியே துருப்பிடித்த நட்டையும் கழற்றிவிடும். மகளுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வேன் இருந்தது. பேக்கரிகளுக்கு மாவு மூட்டை கொண்டுபோய்ப் போடுவாள். "இனிமே என் வண்டிக்கு நீங்கதான்பா மெக்கானிக். வெளிய எங்கயும் விடமாட்டேன்" என்றாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் பாதியை வீட்டம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி, தகரக் கூரை போட்டு, ஒரு மேசை, சாமானைப் பிடித்து இறுக்க ஒரு வைஸ், சுவரில் ஆணி அடித்து ஸ்பானர்கள் என்று பட்டறை ஒன்றை உண்டாக்கிவிட்டார். மிச்சம் இருந்தது அந்தக் கன்னின் மூக்கில் மாட்டுவதற்கான சாக்கெட் செட் மட்டும்தான்.

அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். வெள்ளிபோல் பளபளக்கிற சாதாரண சாக்கெட் கையால் திருப்புவதற்கு. அது கடினமானது, ஆனால் வீம்பு பிடித்தது. கன்னில் மாட்டித் தட்டினால் வளைந்து கொடுக்காது, ஒருநாள் கண்ணாடி மாதிரி தெறிக்கும். கன்னுக்கென்று செய்தது கறுப்பாக, சுவர் தடித்து இருக்கும், அடியை வாங்கிக்கொள்ளும். உள்ளே ஆறு மூலை இருக்க வேண்டும், பன்னிரண்டு இருந்தால் நட்டின் முனையை மழித்துவிடும். அளவு எண்ணை ஆழமாக வெட்டியிருக்க வேண்டும். அரம் லேசாகக் கடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் உள்ளே இருப்பது பளபளா சாமான், மேலே பூசியிருப்பது வெறும் கறுப்புப் பெயின்ட். இதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அப்படிப்பட்டவருக்குத்தான் காது குத்தினார்கள்.

கடைசியில் அவர் போய் நின்றது சாக்பீஸின் கடையில். முதலிலேயே அங்கே போயிருக்கலாம். சிநேகிதன் கடையில் அரத்தை எடுக்கக் கூச்சம். சாக்பீஸ் என்பது அதே டிப்போவில் அதே சக்கரப் பிரிவில் அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவர். அவருக்கு நாலு வயது இளையவர். அவருக்கு மூன்று வருஷம் முன்பே வேலையை விட்டுவிட்டுக் கருவிக் கடை போட்டவர். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

சக்கரப் பிரிவில் ஒரு வழக்கம். ஒருவர் நட்டை இறுக்குவார். ஜோடி ஆள் பெரிய ரெஞ்சை ஒவ்வொரு நட்டிலும் மாட்டி இழுத்துப் பார்ப்பார். அசையாவிட்டால் நட்டிலிருந்து சக்கரம்வரை குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு. கோடு விழுந்துவிட்டால் பிறகு யாரும் அந்த நட்டைத் தொடமாட்டார்கள். அதிகாரியே வந்தாலும் கோட்டைப் பார்த்துவிட்டு "போகலாம்" என்பார், பஸ் கிளம்பும். ஜோடியாக இருந்த இருபத்தேழு வருஷமும் இறுக்கினது இவர், கோடு போட்டது அவர். ஒரு சக்கரம் கழன்று ஓடினதாகப் பேச்சு கிடையாது. இறுக்கண்ணனுக்கு வாழ்க்கையில் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். மகளுக்கு சாக்பீஸ் சித்தப்பா முறை. சின்ன வயதில் அவர் தோளில் ஏறித்தான் டிப்போவையே சுற்றிப் பார்த்திருக்கிறாள்.

கடையில் சாக்பீஸே அரத்தை எடுக்கச் சொன்னார். "தேய்ங்க அண்ணே, நம்ம கடைதானே!" ஏழு செட்டைத் தள்ளிவிட்டு எட்டாவதை எடுத்தார் இறுக்கண்ணன். அரம் கடித்தது. ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பார்த்தார். இருபத்தொன்றாம் நம்பரை, வேன் நட்டுக்கு வேண்டியது அதுதான், காதோரம் வைத்துத் தட்டிக்கூடப் பார்த்தார்.

"இதுதாண்டா."

"ஷோகேஸ்ல இருந்த பீஸ் அண்ணே. தூசி துடைச்சு எண்ணெய் போட்டு, நாளைக்கு நானே வீட்டுக்குக் கொண்டாந்து தரேன். நீங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு சைக்கிள்ல போறதாவது!"

மறுநாள் சாயங்காலம் சொன்னபடி வந்தார். டீயை ஆறக்கூட விடாமல் குடித்தார். கடையில் ஆள் இல்லை என்று உடனே எழுந்துகொண்டார். பெட்டி மேசைமேல் இருந்தது. மூடியிலிருந்து அடிப்பக்கம்வரை குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

அதைப் பார்த்ததும் இறுக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, மறக்கல அவன்!" என்று வீட்டம்மாவிடம் காட்டினார்.

"திறந்து பாத்தீங்களா?"

"கோடு போட்டிருக்கான்னு சொல்றேன், திறந்து பாக்கச் சொல்றியே!"

"ஊர்ல இருக்கிற கடையில எல்லாம் அரத்தைத் தூக்கிட்டுத் திரிஞ்சீங்களே, அதுக்காகச் சொன்னேன்."

"அது ஊர். இது அவன்."

மறுநாள் காலை மகள் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிரேக் கட்டை மாற்ற நாலு சக்கரமும் கழற்ற வேண்டும். அடுத்த நாள் அவளுக்கு வெளியூர் லோடு. இறுக்கண்ணன் பெட்டியைத் திறந்தார். கோடு இரண்டாகப் பிரிந்தது. இருபத்தொன்றை எடுத்துக் கன்னில் மாட்டினார். கட்டைவிரல் ஏதோ சொன்னது. நேற்று முன்தினம் தொட்டதைவிட இது வழவழப்பாக இருக்கிறதே என்று சொன்னது. பெட்டி மூடியைத் திரும்பிப் பார்த்தார். கோடு இருந்தது. கட்டைவிரலை அவர் நம்பவில்லை. கோட்டை நம்பினார்.

முன் சக்கரத்தில் மூன்றாவது நட்டு துரு ஏறி அசைய மறுத்தது. மகள் நட்டுகளை வாங்கிப் போட ஒரு தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். விசையை அழுத்தினார். தடதட. தடதட. பட்டென்று ஒரு சத்தம். தட்டு கீழே விழுந்தது. மகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள், விரல் இடுக்கில் ரத்தம்.

"அப்பா, கண்ணு..."

கண் இல்லை. புருவத்துக்கு மேலே. மூன்று தையல் போட்ட டாக்டரம்மா, "ஒரு விரல் அகலம் கீழ பட்டிருந்தா என்கிட்ட வந்து பிரயோஜனமே இல்ல, பெரியவரே" என்றார். இறுக்கண்ணன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மகளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு வந்து, உடைந்த துண்டுகளைத் தரையில் தேடிப் பொறுக்கினார். உடைந்த வாய் வெள்ளையாக மின்னியது. சட்டைப் பையிலிருந்து அரத்தை எடுத்தார். இப்போது எடுத்தார்! அரம் வழுக்கியது. கறுப்பு, தோலாய் உரிந்து வந்தது. உள்ளே வெள்ளிப் பளபளப்பு. தெருவோரத்தில் கூவி விற்பவன்கூட விற்க யோசிக்கிற சாமான் அது. அதன்மேல் சாக்பீஸ் கோடு.

இதுவரைக்கும் அந்த ஆளை அவர், இவர் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இனிமேல் எனக்கு வாய் வராது.

கடையில் அவன் யாருக்கோ ஸ்பானர் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். இறுக்கண்ணன் துண்டுகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். வந்தவர் போகும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்:

"பாப்பாவுக்கு மூணு தையல்."

அவன் முகம் செத்துப்போயிற்று. "கண்ணுல படலியே அண்ணே? ஐயோ, கண்ணுல படலியே?"

"நான் எடுத்து வச்ச செட் எங்க?"

முதலில் கம்பெனிக்காரன் மாற்றிக் கொடுத்திருப்பான் என்றான். பிறகு கடைப் பையன் மாற்றியிருப்பான் என்றான்; அவன் கடையில் பையனே கிடையாது. இறுக்கண்ணன் உடைந்த துண்டை அவன் பக்கம் நகர்த்தினார். அப்புறம்தான் அவன் உண்மையைச் சொன்னான்.

"அன்னைக்கு சாயங்காலமே பெரிய கராஜ்காரர் வந்தாரு அண்ணே. மாசாமாசம் வாங்கறவரு. இதுதான் வேணும், இப்பவே வேணும்னு நின்னாரு. குடுத்துட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பெட்டி ஒரே மாதிரி இருந்துச்சு..."

"போன் பண்ணி இல்லன்னு சொல்லியிருந்தா நான் என்ன உன்னக் கடிச்சா தின்னுடுவேன்?"

அவன் கண்ணாடி மேசையைத் துணியால் துடைக்கத் தொடங்கினான்.

"சரி, மாத்தின. ஏன் கோடு போட்ட?"

அவன் தலை குனிந்தது.

"சொல்லுடா. ஏன் கோடு போட்ட?"

"கோடு போட்டாத்தான்... நீங்க திறந்து பாக்க மாட்டீங்க."

பாவி! வேறு எதை வைத்து ஏமாற்றியிருந்தாலும் இறுக்கண்ணன் பொறுத்திருப்பார். திட்ட வேண்டும் என்று வந்தவருக்கு ஒரு வசவுகூட வரவில்லை. அதற்குப் பதிலாக, கேட்கவே கூடாத ஒரு கேள்வி வந்தது.

"டிப்போவுல?"

"என்ன அண்ணே?"

"டிப்போவுல நீ கோடு போட்டியே. ரெஞ்சு மாட்டிப் பாத்துட்டுத்தானே போட்ட?"

அவன் நிமிர்ந்தான். இந்தக் கேள்விக்காவது நல்ல பதில் இருக்கிறது என்கிற ஆறுதலில் முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது.

"முதல் ஒரு வருஷம் பாத்தேன் அண்ணே. ஒண்ணுகூட அசையல. அப்புறம் எதுக்கு? நீங்க இறுக்கினதை நான் எதுக்கு அண்ணே பாக்கணும்?"

பாராட்டாகத்தான் சொன்னான், மகாபாவி. இறுக்கண்ணன் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல செட் நாளைக்கே வரவழைத்துத் தருகிறேன், பாப்பாவை வந்து பார்க்கிறேன் என்று அவன் பின்னாலேயே வாசல்வரை வந்தான். "வீட்டுப் பக்கம் வந்துடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். ஏறவில்லை, தள்ளிக்கொண்டே வீடுவரை நடந்தார்.

பொழுது சாய்வதற்குள் பழைய கை ரெஞ்சால் வேலையை முடித்தார். நாலு சக்கரம், சக்கரத்துக்கு ஐந்து நட்டு. இறுக்கும்போதெல்லாம் 'நான் எதுக்கு அண்ணே பாக்கணும்' என்று அவன் கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது. இருபத்தாறு வருஷம் அந்தப் பஸ்களை யாருமே பார்க்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறின பஸ்கள். வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்து, டீயை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

காலையில் மகள் புருவத்தில் பிளாஸ்திரியோடு வந்து ஏறி உட்கார்ந்தாள். "போலாமாப்பா?"

போகலாம் என்று அவர் சொல்லவில்லை. "இறங்கி வா" என்றார். ரெஞ்சை அவள் கையில் கொடுத்தார். "ஒவ்வொண்ணா மாட்டி இழுத்துப் பாரு."

"உங்களுக்கு என்னப்பா ஆச்சு?" என்று சிரித்தாள் மகள். "நீங்க இறுக்கினதை நான் எதுக்குப் பாக்கணும்?"

"அந்தப் பேச்சு பேசாத!" என்று அவர் போட்ட சத்தத்தில் வீட்டம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார். மகளை அவர் அதட்டியே யாரும் பார்த்ததில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாரும்மா. அப்பா கேக்கறேன், பாரு."

அவள் முழங்காலிட்டுப் பார்த்தாள். ஒரு சக்கரம், இரண்டு சக்கரம். ஒன்றும் அசையவில்லை. வேனைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கே நாலாவது நட்டில் ரெஞ்சை மாட்டி இழுத்தபோது அவள் கை நின்றது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக இன்னும் கொஞ்சம் இழுத்தாள். நட்டு கால் சுற்று திரும்பியது.

"நேத்து உங்களுக்குக் கை நடுங்கியிருக்கும்பா" என்றாள் மகள் அவசரமாக. "அதனாலதான். வேற ஒண்ணுமில்ல."

அவர் பட்டறைப் படியில் உட்கார்ந்தார். கை நடுங்கின நாள் நேற்று ஒன்றுதானா? காய்ச்சலோடு வேலைக்குப் போன நாட்கள் இருந்தன. அப்பாவைப் புதைத்துவிட்டு மூன்றாம் நாள் போய் நின்றது நினைவுக்கு வந்தது. இவள் பிறந்த அன்று கண் விழித்துவிட்டு அப்படியே போய் பதினோரு பஸ்ஸுக்கு இறுக்கினார். அத்தனைக்கும் கோடு விழுந்தது.

மகள் மிச்ச நட்டுகளையும் பார்த்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எல்லாம் சரியா இருக்குப்பா. போலாமா?"

"இன்னொரு தடவை பாரு" என்றார் அவர்.