அப்புக்காத்தருக்காகப் போட்ட சத்தம்

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் மேல்வீட்டில் ஓர் அமெரிக்க வக்கீல் குடியிருந்தார். வக்கீலை நாங்கள் அப்புக்காத்தர் என்போம். அங்கிருந்த அமெரிக்க இராணுவ முகாமில் அவருக்குச் சட்ட வேலை. ஆள் ஆறடிக்கு மேல். ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் தொண்டை அடைத்துவிடும். அப்படிப்பட்ட மனுசனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்: ஊருக்குத் திரும்பி, தேர்தலில் நின்று, அவர்கள் பாராளுமன்றமான காங்கிரசுக்குள் போகவேண்டுமாம்! மாடிப்படி கூட்டுவது அந்த வாரம் அவர் முறை. தும்புத்தடியும் கையுமாக நின்றுதான் என்னிடம் இதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த நத்தாருக்கு எங்கள் தமிழ்க் கத்தோலிக்கரின் ஒளிவிழா, கிறிஸ்து பிறப்புக் கொண்டாட்டம். பிரதம விருந்தினராக வரவேண்டிய டாக்குத்தர் பனியில் மாட்டிக்கொண்டார். விழாச் செயலாளரான என் மனுசன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"மேல்வீட்டு அப்புக்காத்தரைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்," என்றேன்.

"அந்தாளுக்குப் பேச ஏலாதப்பா."

"எங்கட சனம் எப்ப பேச்சைக் கேட்டது?"

வந்தார். மாலை போட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் விட்டார்கள். பாவம், முகம் வெளிறி, வாய் திறந்தபடி நின்றார், சத்தம் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் குசினிக் கதவு திறந்தது. எங்கள் விழாக்களில் விருந்தினர் பேசும்போதுதான் சுடச்சுடப் பொரித்த றோல்ஸ் தட்டில் வரும். அது எழுதாத சட்டம். சனம் முழுக்கத் தட்டுப் பக்கம் திரும்பியது. பிள்ளைகள் மேடைக்குக் குறுக்கே ஓடினார்கள். பெண்கள் சேலைக் கதையில் இறங்கினார்கள். அவரை ஒரு சீவன் பார்க்கவில்லை. அப்புக்காத்தர் பேசத் தொடங்கினார் பாருங்கள்! தன் ஊர் ரோட்டு, மூடிய தொழிற்சாலை, ஆசுப்பத்திரி என்று பொழிந்து தள்ளினார். இறங்கி வந்து, "ஒருவருமே கேட்கவில்லை! எவ்வளவு நல்ல சனம்!" என்று துள்ளினார்.

பிறகு பிறந்தநாள், பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீடு, கோயிலில் முதல் நன்மை என்று ஒன்றையும் அவர் விட்டதில்லை. ஒலிவாங்கியைக் கண்டால் ஏறிவிடுவார். கேக் வெட்ட நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். எங்களோடு பழகி என்னை அக்கா என்றே கூப்பிடவும் தொடங்கிவிட்டார்.

கடைசியில் ஊருக்குப் போய்த் தேர்தலிலும் நின்றார். சந்தை, விளையாட்டுத்திடல் என்று ஒருவரும் காது கொடுக்காத இடமாகப் பார்த்துத்தான் பேசினாராம். நவம்பரில் ஒரு விடியற்காலை எங்கள் போன் அடித்தது.

"அக்கா, வென்றுவிட்டேன்!" பிறகு குரல் இறங்கியது. "மண்டபம் நிறையச் சனம். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். தொண்டை அடைக்கிறது. போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். தயவுசெய்து சத்தம் போடுங்கள்!"

நான் என் மனுசனைப் பிடித்து உலுப்பினேன். "எழும்புங்கோ! சண்டை பிடியுங்கோ!"

"விடியக் காலமை எதுக்கப்பா சண்டை?"

"அதைத்தான், இன்னும் பலமாக் கேளுங்கோ!"

எங்கள் பிள்ளைகள் கட்டிலில் குதித்துக்கொண்டு றோல்ஸ் கேட்டார்கள். நான் சட்டி மூடியால் மேசையில் அடித்தேன். கீழ்வீட்டு ஜெர்மன் கிழவி தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடித்தாள். வாழ்நாளில் முதல்முறையாக அவளை வாழ்த்தினேன். போனுக்குள் அவர் பேசத் தொடங்கினார். ரோட்டு, தொழிற்சாலை, ஆசுப்பத்திரி. அதே பேச்சுத்தான், ஆனால் அங்கே சனம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டி மூடியைக் கீழே வைத்தேன். மனுசனும் பிள்ளைகளும் வந்து போனைச் சுற்றிக் குந்தினார்கள். இத்தனை விழாக்களில் கேட்காத பேச்சை மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவர் குரல் நின்றுவிட்டது.

"ஐயோ, கத்துங்கோ பிள்ளையள்!" என்று சட்டி மூடியை மறுபடி தூக்கினேன்.