இன்னாசி சொன்ன மழை

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரோலர் அறை ஆளாக இருந்தவன் இன்னாசிராஜ். வாடின இலையை உருட்டிக் கசக்குகிற அந்த இயந்திரத்தோடு பதினாறு வருஷம் மல்லுக்கட்டியவன். நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாது, பெண்டாட்டி ஞானஜோதியை ஒருநாள் கைநீட்டி அடித்ததில்லை. அவனுக்கு இருந்த ஒரே வியாதி பொறாமை. அதுவும் ஊர் உலகத்தின் மேல் எல்லாம் இல்லை. தங்கச்சி சிசிலியைக் கட்டின மிக்கேல்ராஜ் மேல் மட்டும்.

காரணம் மேளம். தோட்டத்துக் கோயில் பேண்டில் இன்னாசி சின்ன மேளம், மிக்கேல் பெரிய மேளம். இன்னாசி பதினாலு வயசிலிருந்து கற்றவன். குச்சி இல்லாத நேரத்தில் சாப்பாட்டுத் தட்டில் விரலால் அடித்துப் பழகுவான். மிக்கேல் பழகினதே இல்லை. பெரிய மேளத்தைச் சுமக்கத் தோள் பலமுள்ள ஆள் வேண்டும் என்று இன்னாசியேதான் அவனைச் சேர்த்துவிட்டான். சேர்த்துவிட்டு அனுபவித்தான். சப்பரம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி வரும்போது, "மிக்கேலு அடிச்சாத்தான் கால் தானா நடக்குது" என்று பெண்கள் பேசிக்கொள்வது அவன் காதில் விழும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனோ நன்றாகவே ஆடத் தெரிந்தும் கோணலைத் தேடினான். "மாப்ள, நீ இழுத்து அடிக்கே. தாளம் பின்னால போகுது" என்று எல்லார் முன்னாலும் திட்டுவான். "சரி மச்சான்" என்று மிக்கேல் தலையாட்டுவான். தாளம் பின்னால் போகவே இல்லை என்பது இன்னாசிக்குத் தெரியும். அதுதான் எரிச்சல்.

மிக்கேலுக்குத் தெரியாத ஒரு சங்கதி இன்னாசியிடம் இருந்தது. போனஸ் பணத்தில் வாங்கின ரேடியோவில், இரைச்சலுக்கு நடுவே, அமெரிக்கக் கறுப்புப் பாட்டுக்காரர்களைக் கேட்பான். ஃபங்க் என்று அதற்குப் பேர். அதில் முதல் அடி மண்ணில் முளை இறங்குகிற மாதிரி இறங்கும், மற்றதெல்லாம் கட்டின ஆட்டுக்குட்டியாக அதைச் சுற்றித் துள்ளும். அதிலும் லூத்தர் கிரேன் என்ற பாஸ் கிட்டார்க்காரர் என்றால் இன்னாசிக்கு உயிர். அந்தப் பேரைக் கேட்டு, "லூத்தரா? கத்தோலிக்கச் சபையை உடைச்ச ஆளு பேருல்ல!" என்று கோயில் உபதேசியார் முகத்தைச் சுளித்தார். தோட்டத்தில் அந்த இசை தெரிந்த ஒரே காது தன் காதுதான் என்று இன்னாசிக்கு உள்ளூரப் பெருமை.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம், அந்த லூத்தர் கிரேனே தோட்டத்துக்கு வந்துவிட்டார். துரையின் தம்பி அமெரிக்காவில் படித்த காலத்துச் சிநேகிதராம். கூட வாசிக்கிறவர்களைக் கொச்சியில் விட்டுவிட்டு, தேக்கடியில் யானை பார்க்கத் தனியாக வந்தவர். துரைமார் கெஞ்சவே, சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் கிளப்பில் ஒரு மணி நேரம் வாசிக்க ஒத்துக்கொண்டார். நாற்பது நாற்காலி. அத்தனையும் துரைமார்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும்.

அந்த அறைக்குள் போகிற பாக்கியம் யாருக்கு? மிக்கேல்ராஜுக்கு! அவன்தான் கிளப்பில் பட்லர். லூத்தர் கிரேன் என்றால் மனுஷனா மாட்டுத் தீவனமா என்று தெரியாத பயல் அவர் பக்கத்தில் நின்று தட்டு நீட்டுவான், எட்டு வருஷம் ரேடியோவோடு காதை ஒட்டிக்கொண்டு கிடந்தவன் லயத்தில் கிடப்பான். இன்னாசிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மிக்கேலே வந்தான். "மச்சான், ஒதவிக்கு ஒரு ஆள் வச்சுக்கிடலாம்னு துரை சொல்லிட்டாரு. வெள்ளைக் கோட்டு தாரேன், வந்துருங்க. நீங்க ஹால்ல நில்லுங்க, நான் பின்னால கோப்பை கழுவிக்கிடுதேன்."

அப்படி ஒரு மனசு அவனுக்கு. அதற்காகவும் இன்னாசி அவனைக் கொஞ்சம் வெறுத்தான்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு வெளியே தூறல். லூத்தர் கிரேன் இன்னாசி மனசில் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஸ்டூலில் உட்கார்ந்து, கிட்டாரின் தடித்த கம்பியைக் கட்டைவிரலால் ஒரு குத்துக் குத்தினார். இன்னாசியின் நெஞ்செலும்பு அதிர்ந்தது. பத்தடி தூரத்தில்! கையிலிருந்த தட்டில் கண்ணாடிக் கிளாசுகள் சிணுங்கின. தப்பித் தவறிக்கூடத் தாளம் போடக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது என்பது வேலைக்காரர்களுக்குக் கிளப் விதி. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு கல் மாதிரி நின்றான்.

துரைமார்கள் தப்பும் தவறுமாகக் கை தட்டினார்கள். இரண்டாவது பாட்டின் பாதியில் பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காலித் தேயிலைப் பெட்டியின் மேல் உள்ளங்கை விழுகிற சத்தம். முதலில் மெதுவாக, பிறகு தெளிவாக. சப்பரத்துக்கு அடிக்கிற அதே நடை, ஆனால் அந்தக் கிட்டாருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல வந்து உட்கார்ந்தது. ஒரு அடி முன்னால் இல்லை, ஒரு அடி பின்னால் இல்லை. எட்டு வருஷம் ரேடியோ கேட்டவனுக்கு வராதது, கோப்பை கழுவிக்கொண்டிருந்தவனுக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

லூத்தர் கிரேன் நிமிர்ந்தார். சிரித்தார். வாசிப்பை நிறுத்தாமலே, பக்கத்தில் நின்ற இன்னாசியிடம் கேட்டார்: "அங்கே அடிப்பது யார்? அந்த ஆளைக் கூட்டிவா."

அவர் பேசின இங்கிலீஷ் நாக்கைச் சுழற்றின இங்கிலீஷ். இருந்தாலும் இன்னாசிக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாமல் போயிருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

"மழை, சார். தகரக் கூரை" என்றான்.

"இந்த ஊர் மழைக்குத் தாளம் தெரிகிறதே!" என்றார் அவர். சபை சிரித்தது. "இருக்கட்டும், மழையோடேயே வாசிக்கிறேன்."

இன்னாசி பின்கட்டுக்கு ஓடினான். மிக்கேல் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை அடித்துக்கொண்டிருந்தான், கையெல்லாம் சோப்பு நுரை.

"நிறுத்து மாப்ள! துரை காதுல விழுந்துட்டு. கோவமா இருக்காரு."

மிக்கேல் முகம் செத்துவிட்டது. "ஐயோ, தெரியாமப் பண்ணிட்டேன் மச்சான். நீங்க சொல்லிச் சமாளிங்க" என்று கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டான்.

இன்னாசி திரும்பி வந்து நின்றான். லூத்தர் கிரேன் வாசித்துக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் சட்டென்று கம்பிகளை அமுக்கி நிறுத்தி, பின்கட்டுப் பக்கம் காதைக் கொடுத்தார். மழைக்கு விட்ட இடம் அது. ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறையும் விட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு மேசையில் நாலு அடி அடித்திருந்தால் அந்த இடம் இன்னாசியுடையது. அவன் கற்ற வித்தை அத்தனையும் அந்த நாலு அடிக்குத்தானே! கை எழும்பவில்லை. மற்றவன் வாயில் மண்ணைப் போடத் தெரிந்தவனுக்குத் தன் வாயில் சோற்றைப் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேறு பாட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் வாசித்தது எதுவும் இன்னாசி காதில் ஏறவில்லை.

இதோடு முடிந்திருந்தால் சரி. மிக்கேல் முடிய விடவில்லை. ஒவ்வொரு திருவிழாவிலும், ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் அதையே சொன்னான். "அன்னைக்கு மச்சான் மட்டும் ஓடிவந்து சொல்லலைன்னா என் வேலை போயிருக்கும். துரைகிட்ட மழைன்னு சொல்லிக் காப்பாத்துனாரு." மழை என்று சொன்னது மட்டும் யாரோ ஒரு துரையம்மா வாயால் அவன் காதுக்கு எட்டியிருந்தது. கேட்பவர்கள் இன்னாசியை மெச்சுவார்கள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எழுபத்தெட்டில் சிசிலிக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. தாய்மாமனே ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று மிக்கேல் ஒற்றைக் காலில் நின்றான். ஞானஸ்நானத் தொட்டி அருகே பிள்ளைக்காகப் பதில் சொல்ல வேண்டியது ஞானத்தகப்பன். சாத்தானை விட்டுவிடுகிறீரா என்று சாமியார் கேட்டார். "விட்டுவிடுகிறேன்." அவன் செயல்களையெல்லாம் விட்டுவிடுகிறீரா? இன்னாசி திரும்பி மிக்கேலைப் பார்த்தான். சாமியார் மறுபடி கேட்டார். மச்சானுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து மிக்கேல் பின்னாலிருந்து மெதுவாக எடுத்துக்கொடுத்தான்: "விட்டுவிடுகிறேன்னு சொல்லுங்க மச்சான்."

சொன்னான். பூசை முடிந்து வெளியே வந்ததும் மிக்கேலை வேலியோரம் நிறுத்தினான்.

"மாப்ள, அன்னைக்குத் துரை ஒண்ணும் சொல்லல. அந்தப் பாட்டுக்காரரு, அடிக்கது யாரு, கூட்டிட்டு வான்னாரு. நான்தான் உன்னை மறைச்சு மழைன்னு சொன்னேன். வயித்தெரிச்சல்ல சொன்னேன்."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மிக்கேல் நின்றான். அறைவான், காறித் துப்புவான், எதுவானாலும் வாங்கிக்கொள்வதென்று இன்னாசி தயாராக இருந்தான்.

"என்னையவா கேட்டாரு?"

"ஆமா."

"நல்லாருக்குன்னா சொன்னாரு?"

"மழைக்கே தாளம் தெரியுதேன்னாரு. உனக்காக ரெண்டு தடவ நிறுத்திப் பாத்தாரு."

மிக்கேல் முகம் விரிந்த விரிப்பை இன்னாசி அதற்கு முன் எந்த மனுஷனிடமும் கண்டதில்லை. கோபம் வரும் வரும் என்று பார்த்தான், வரவே இல்லை. "ஏ சிசிலி! எல்லாரும் இங்க வாங்க! மச்சான் என்ன சொல்லுதாருன்னு கேளுங்க!" என்று அவன் கத்த, கோயில் வாசல் கூட்டம் முழுக்க வந்து சூழ்ந்துகொண்டது. "நீங்களே சொல்லுங்க மச்சான். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

சொன்னால் பாரம் இறங்கும் என்றுதான் இன்னாசி நினைத்திருந்தான். இப்போது பழையபடி வயிறு எரிய ஆரம்பித்தது. ஆனாலும் கேட்டவர் கேட்டவருக்கெல்லாம், அவர் எப்படி நிமிர்ந்தார், எப்படிச் சிரித்தார், யாரைக் கூட்டிவரச் சொன்னார் என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டியிருந்தது. லயத்து ஆட்களில் அதைப் பார்த்த சாட்சி அவன் ஒருத்தன்தானே.