முந்திப் போட்ட மொட்டை

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் கழிவுநீர் ஆய்வகத்தில் நான் கான்ட்ராக்ட் ஆள். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பிகளில் அடைத்து வைப்பேன். குப்பி கறுத்தால் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அது காற்றுக்குப் பதில் சல்பேட்டைச் சுவாசித்து, அழுகிய முட்டை நாற்றத்தை விட்டு, இரும்புக் குழாயை அரித்துவிடும். அந்த நாற்றம் என் சட்டையிலும் ஏறியதால், கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு எப்போதும் காலி. கால் நீட்டி உட்கார வசதியாக இருந்தது.

அந்த பாக்டீரியாவை மட்டும் தேடிக் கொல்லும் வைரஸை மேனேஜர் சோதனைக்கு வரவழைத்தார். குழாய் பிழைத்தால் உன்னை பர்மனென்ட் ஆக்குகிறேன் என்றார். எங்கள் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால்தான் பெண்ணே கொடுப்பார்கள். ஆர்டர் வந்தால் மொட்டை போடுவதாக வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்.

வைரஸை ஊற்றியபின் குப்பிகள் கறுக்கவில்லை. ஆர்டர் கைக்கு வரட்டும் என்று அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் மொட்டை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் சாக்லேட்டும் கொடுத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தலையில் சந்தனம் காய்வதற்குள் குப்பிகள் கறுத்துவிட்டன.

மாதிரியைக் கல்லூரிக்கு அனுப்பினோம். வந்த பதிலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் விளக்கினான். என்னோடு ஒரே நாளில் கான்ட்ராக்டில் சேர்ந்து, முந்தி பர்மனென்ட் ஆனவன். சில பாக்டீரியாக்களை வைரஸ் கொல்லாமல், அவற்றின் ஜீனோமிலேயே தன் மரபணுவைச் செருகிக்கொண்டதாம். அவை பெருகப் பெருக அதுவும் பெருகுமாம். உள்ளே ஒன்று இருந்தால் அதே இனத்து இன்னொன்றுக்கு இடமில்லையாம்.

"கான்ட்ராக்ட்ல வந்த வைரஸு பர்மனென்ட் ஆயிடுச்சிபா. இவரு மொட்ட போட்டது அதுக்குத்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜரும்தான்.

மேனேஜரைத் தனியாகப் பார்த்து ஆர்டரைப் பற்றிக் கேட்டேன். சோதனை தோற்றது உன் தப்பில்லை, எழுதத்தான் இருந்தேன், சூப்பர்வைசர்தான் வேண்டாம் என்றான் என்றார். நேரே கேன்டீனுக்குப் போய் அவனிடமே ஏன் என்று கேட்டேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"அதான் மீட்டிங்லயே சொன்னனே. உள்ள ஒண்ணு குந்திக்கினு கீது. இன்னொண்ண எதுக்கு வுடும்?"

முடி முளைப்பதற்குள் என் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள்.