மஹராகக் கேட்ட வண்டி

சவூதியிலிருந்து வரும் என் அண்ணன் கம்பளியும் அத்தரும் கொண்டுவருவான் என்று அம்மா காத்திருந்தார். அவன் கொண்டுவந்ததோ ஓர் அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகள். எல்லாம் மார்க்கச் சொற்பொழிவுகள். தொண்ணூறுகளின் கடைசி அது. மாலையானால் எங்கள் தெருவில் ஒரு பக்கம் கோயில் ஒலிபெருக்கி, இன்னொரு பக்கம் பள்ளிவாசல் பாங்கு, அதற்கப்புறம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர். நான் வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நோட்டுத் திருத்திக்கொண்டே கேட்பேன். கேட்கக் கேட்க எனக்கு இருப்புக் கொள்ளாது.

பாதிப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடித்தது. வரதட்சணை வாங்குவது பாவம். மாப்பிள்ளைதான் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும். அது அவளுக்கே சொந்தம், புருஷன்கூட அதைத் தொட முடியாது. என்ன வேண்டும் என்று அவளே வாய்விட்டுக் கேட்கலாம். அடேயப்பா! எங்களில் மஹர் என்றால் கல்யாணத்தன்று நிக்காஹ் புத்தகத்தில் பள்ளிவாசல் ஹஜ்ரத் எழுதும் ஒரு வரி, அவ்வளவுதான். எந்தப் பெண்ணையும் யாரும் கேட்டதில்லை.

மற்ற பாதியைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா ஊதுபத்தி ஏற்றி, சர்க்கரை வைத்து, இறந்துபோனவர்களுக்காக ஃபாத்திஹா ஓதுவார். அதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று அண்ணன் ஊதுபத்தியை அணைத்துவிட்டான். "உன் கேசட்டு வர்றதுக்கு முன்னாடி நாங்கள்லாம் முஸ்லிமே இல்லியாடா?" என்று அம்மா அழுதார். அன்றைக்கு அவனோடு நான் பேசவில்லை. ஆனால் மறுநாள் அவன் வெளியே போனதும் அடுத்த கேசட்டை நானேதான் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வரன் வந்தது. மாப்பிள்ளை அண்ணனின் கூட்டாளி, அவனைப் போலவே கேசட் கேட்கிறவர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். வரதட்சணை வேண்டாம், சீர் வேண்டாம், விருந்துகூட வேண்டாம் என்றார்கள். பெண்ணைப் பெற்ற அத்தாவுக்கு நிம்மதிக்குப் பதில் பயம் வந்துவிட்டது. "ஒண்ணுமே வேணாம்னு சொல்றவன்கிட்டதாம்மா ஜாஸ்தி ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்.

எனக்கு வேறு பயம். அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கல்யாணத்துக்கப்புறம் நான் ஸ்கூலுக்குப் போலாம்தானே?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றான்.

அந்த 'அப்புறம்' என் தூக்கத்தைக் கெடுத்தது. என்னோடு படித்தவர்கள் எத்தனை பேரை இந்த அப்புறம் முழுங்கியிருக்கிறது! குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றி வந்தேன். பள்ளிக்கூட வேலை கையைவிட்டுப் போய்விட்டால் எனக்கு மூச்சே போன மாதிரி. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? சொன்னால், பெண்ணுக்குக் கொழுப்பு என்பார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் நிச்சயம் பேச வந்தார்கள். டீ குடித்துவிட்டு அக்கா சிரித்தபடி கேட்டார்: "மஹரு நீதாம்மா சொல்லணும். எங்க தம்பி கண்டிசனா சொல்லி அனுப்பிச்சிருக்கான்."

இந்த இடத்தில் பெண் தலையைக் குனிந்து, "உங்க இஷ்டம்" என்று சொல்ல வேண்டும். அதுதான் அடக்கம். நானும் தலையைக் குனிந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஒரு மொபெட் வேணும்."

அத்தாவுக்குப் புரையேறியது. சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. "நகை கேளு, துணி கேளு. இன்னாம்மா இது, வண்டி கிண்டினு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"மதிப்புள்ள பொருள் எதுவா இருந்தாலும் மஹராக் கேக்கலாம்னு எங்க அண்ணன் கேசட்டுல கேட்டேங்க" என்றேன்.

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தான்.

விஷயம் தெருவைத் தாண்டியது. அண்ணனின் கூட்டாளிகள், பெண் வண்டி ஓட்டுவது தப்பில்லை, அந்தக் காலத்தில் பெண்கள் ஒட்டகம் ஓட்டவில்லையா, ஆனால் அதையே மஹராகக் கேட்பது விளையாட்டுத்தனம் என்றார்கள். பெரிய பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கும் அவர்களுக்கும் ஆகாது. அத்தா அவரிடம் போய்க் கேட்டார். மஹராக எழுதத் தடையே இல்லை, ஆனால் குமரிப் பெண் கடைத்தெருவில் வண்டி ஓட்டுவது அழகில்லை என்றார் அவர். எதிலுமே ஒத்துப்போகாத ரெண்டு கட்சியும் எனக்கு ஆளுக்குப் பாதி வண்டி கொடுத்தன. பாதி வண்டியில் எப்படிப் பள்ளிக்கூடம் போவது?

கடைசியில் மாப்பிள்ளையே வந்தார். அத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வண்டி எதுக்குங்க?"

"ஸ்கூலுக்குப் போறதுக்குங்க. பௌர்ணமி வந்தா கிரிவலக் கூட்டத்துக்காக பஸ் ஸ்டாண்டையே ஊருக்கு வெளியில மாத்திடுறாங்க. ஆட்டோ கெடைக்கறதில்ல. லேட்டாப் போயி பேச்சு வாங்கறேன்."

"அவ்ளோதானே? டெய்லி நானே கொண்டாந்து விடறேன்."

அத்தா முகம் மலர்ந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை! எனக்கு வந்ததே கோபம். "நீங்க விட்டா, உங்களுக்குத் தோணறப்பதான் நான் போக முடியும். எனக்குத் தோணறப்ப போறதுக்குதான் வண்டி கேக்கறேன்."

அவர் முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சரி, முடிந்தது கல்யாணம் என்று நினைத்தேன். தாடியைத் தடவிக்கொண்டே, "சரிங்க. கேக்கறது உங்க உரிமை" என்றார். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்துப்போனது. பொய் சொல்வானேன்?

நிக்காஹ் அன்று பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மைக்கில் ஹஜ்ரத்தின் குரல், "மஹர், ஒரு மொபெட் வண்டி" என்றதும் ஆண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. உள்ளங்கை மருதாணியெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது.

வண்டி வந்தது. நீல நிறம். அதைத் தினமும் ஓட்டிக்கொண்டு போனவர் அவர்! சென்டருக்குப் போவதும் அதில்தான், மார்க்கெட்டுக்குப் போவதும் அதில்தான். சாவி அவர் சட்டைப்பையில். என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அப்படியே திருப்பிக்கொண்டு போவார். நான் அவர் பின்னால் உட்கார்ந்து போகிறவள். கேட்டால், "ரோட்ல லாரி ஜாஸ்தி, நீ இன்னும் நல்லாப் பழகணும்" என்பார். பள்ளி மைதானத்தில் இன்னொரு டீச்சரின் வண்டியில் நான் எப்போதோ பழகிவிட்டிருந்தேன். பிறகு, மழை ஓயட்டும் என்பார். பிறகு, கார்த்திகை தீபக் கூட்டம் குறையட்டும் என்பார். கெட்டவர் இல்லை. அதுதான் என் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மாமியாரும் ஒருநாள் நைசாக, "புள்ளைங்க பொறந்தா வேலையெல்லாம் எங்க போறது" என்றார். எனக்குத் தரை நழுவுவது தெரிந்தது.

அந்த வருஷம் ஆண்டுத் தேர்வும் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்தன. அன்று நான் நடத்த வேண்டிய கணக்குத் தேர்வு. காலையில் யாரோ சென்டருக்கு அவசர வேலை கொண்டுவர, "ஒரு அர ஹவர்ல வந்துடறேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அரை மணி போனது. அதற்கு மேலும் போனது. தெருவில் வந்து நின்றேன். ஆட்டோ எல்லாம் கிரிவலத்துக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு பறந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. விறுவிறுவென்று கூட்டத்துக்குள் புகுந்து சென்டருக்கே போய்விட்டேன்.

உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள். அண்ணனும் இருந்தான். நான் வாசலிலேயே நின்று, "சாவி குடுங்க" என்றேன்.

"இதோ முடிஞ்சிடுச்சு. நானே வந்து விடறேன்."

"அது என் மஹருங்க. நான் மனசாரக் குடுத்தாதான் அத நீங்க எடுக்கலாம். நான் இதுவரைக்கும் குடுக்கல."

கத்தவில்லை. கத்தவே தேவைப்படவில்லை. அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. நாலு பேர் முன்னால் மானம் போனதால் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அவர் அந்தக் கேசட்டுகளை என்னைப் போலப் பாதி கேட்டவரில்லை, முழுசாக நம்பினவர். மனைவியின் மஹரை அவள் சம்மதம் இல்லாமல் அனுபவித்தால் நாளைக்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவர். இத்தனை மாதம் அதன்மேலேயே உட்கார்ந்து போயிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து வந்தார். சாவியை என் கையில் வைத்தார். வெளியே வந்து, நான் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது, குரலைத் தாழ்த்தி, "இத்தன நாளு ஓட்டிட்டேன். ஹலால் பண்ணிடு" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். எனக்கும் தொண்டை வரைக்கும் வந்தது, பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தேர்வுக்கு நேரமாகிவிட்டது.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.