ஆளுக்கொரு பூட்ஸ்

கால்பந்து ஆடினால் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வரும், விட்டுக்கொடுக்கிற குணம் வரும் என்று ஆபீஸில் யாராவது ஆரம்பித்தால் நான் டீ குடிக்க எழுந்து போய்விடுவேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு வந்தவன் என்பதால் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். எனக்குக் குணம் வந்ததா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்கள் பள்ளி டீமில் பாதிப்பேருக்குப் பூட்ஸ் கிடையாது. மில் டீமில் ஆடிய ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தன் பழைய பூட்ஸை எனக்கும் என் சேக்காளிக்கும் பொதுவாகக் கொடுத்தார். இருவருக்கும் கால் ஒரே அளவு. நான் வலது ஓரத்தில் ஓடும் ரைட் அவுட், அவன் இடது ஓரத்தில் லெஃப்ட் அவுட். அதனால் வலது பூட்ஸ் எனக்கு, இடது அவனுக்கு. பூட்ஸ் இல்லாத காலில் பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொள்வோம். அவன் அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு வேலைக்குப் போனார். கழிவுத் துணி வீட்டில் எப்போதும் கிடக்கும். ஒத்தக்கால் கொக்குகள் என்று பையன்கள் கேலி செய்தார்கள். இரண்டு வருஷம் அப்படியே ஆடினோம். அவன் என்னைவிட நன்றாக ஆடுவான். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஊருக்கே தெரியும்.

பத்தாவது படிக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். இடம் கிடைத்தால் மூன்று வேளைச் சோறு, மேற்படிப்பு, பிறகு ஒரு வேலைக்கும் வழி. கிடைக்காவிட்டால் அவனுக்கு மில்தான். அவன் அப்பா ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார். எனக்கு அந்த நெருக்கடி இல்லை. என் அப்பாவுக்குக் கடை இருந்தது.

செலக்‌ஷனுக்கு வந்த சார் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு, ஒற்றைக் கால் பூட்ஸோடு யாரும் இறங்கக் கூடாது, இரண்டு காலிலும் வேண்டும் என்றார். நாங்கள் பதறவில்லை. என் பெயர் முதல் ஆட்டத்தில் இருந்தது, அவன் பெயர் இரண்டாவதில். அவனே இடது பூட்ஸைக் கழற்றி என் காலில் மாட்டிவிட்டான்.

“வெரசாக் கழத்திக் குடுத்துருலே. நடுவுல அஞ்சு நிமிசந்தான் இருக்கு” என்றான்.

முதல் ஆட்டத்தில் ஒரு கோல் போட்டேன். முடிந்ததும் அந்த சார் என்னைக் கைகாட்டி, அடுத்ததிலும் இரு, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார். கோட்டுக்கு வெளியே அவன் நின்றிருந்தான். காலில் இருந்த பேண்டேஜை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான். சார், இது அவனுக்கும் சேர்த்த பூட்ஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நான் குனிந்தேன். கழற்றத்தான் குனிகிறேன் என்று அவன் ஓரடி முன்னால் வந்தான். நான் லேஸை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். பூட்ஸ் இல்லை சார் என்று அவனே சொன்னான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஆட்டம் முழுக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெட்கம் இல்லை, பயம் இல்லை. தேர்வானவர்களில் என் பெயரை வாசித்தபோது சந்தோஷமும் இல்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி மனசைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் கிள்ளிப் பார்ப்பதுண்டு.

திரும்பும் பஸ்ஸில் அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். மடியில் இருந்த இடது பூட்ஸை எடுத்து நீட்டினேன்.

“நீயே வச்சுக்கோலே. ஒத்தைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?” என்றான். அதில் கோபம் இல்லை.

விடுதியில் முதல் நாளே எல்லோருக்கும் புது பூட்ஸ் கொடுத்தார்கள். பழைய ஜோடி என் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. லீவுக்கு வரும்போது இரண்டையும் கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்திருக்கலாம். முதல் தடவை மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு மறக்கவில்லை, ஆனாலும் கொடுக்கவில்லை.

தொண்ணூறுகளில், வேலை கிடைத்து வெளியூரில் இருந்த நான் லீவில் வந்து ஒரு சாயங்காலம் மில் மைதானம் வழியாகப் போனேன். ஷிப்டு முடிந்தவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்தில் ஓடியவனைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவனும் என்னைப் பார்த்துவிட்டான். எப்போது வந்தாய் என்று கேட்டான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றான். சரி என்றேன். அதற்குள் பந்து வந்துவிட, திரும்பி ஓடினான். அவன் இரண்டு காலிலும் பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது.